அம்மாவின் துண்டில் இருந்த பெயர்

போன மாதம் ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் அம்மாவின் மருந்துத் துண்டை நீட்டினேன். சீனி வருத்தத்துக்கு பிரைவட்டில் காட்டிய டொக்டர் எழுதியது. மெட்போமினோடு சிடாகிளிப்டின் என்ற இன்னொரு குளிசையையும் ஒரு கம்பனிப் பெயரில் எழுதியிருந்தார். அதில் பத்துக் குளிசை உள்ள ஒரு கார்டின் விலையைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து, "வேணாம்ப்பா, மெட்போமின் மட்டும் எடு" என்றார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். எந்தச் சாமானையும் எத்தனை 'பேர்', அதாவது எத்தனை நாள் சம்பளம் என்றுதான் கணக்குப் பார்ப்பார். அந்தக் கார்ட் ஒரு முழுப் பேரைத் தின்றுவிடும்.

"இதே மருந்து வேற கம்பனியில இருக்கா தம்பி?"

"துண்டுல இந்தப் பேர்தானே இருக்கு அண்ணே."

கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகு உள்ளே போய் வேறொரு கார்ட் கொண்டுவந்தார். அதே சிடாகிளிப்டின், அதே 50 மில்லிகிராம், பாதிக்கும் குறைந்த விலை. கேட்காமல் இருந்திருந்தால்?

இந்தச் சிடாகிளிப்டினுக்கு ஒரு வழக்குக் கதை உண்டு. இந்தியாவில் இதன் காப்புரிமை, அதாவது வேறு யாரும் செய்து விற்க முடியாத உரிமை, மெர்க் கம்பனியிடம் இருந்தது. 2013இல் கிளென்மார்க் என்ற இந்தியக் கம்பனி அதையே குறைந்த விலைக்குச் சந்தையில் இறக்கியது. மெர்க் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கிளென்மார்க்கின் வாதம் சுவையானது: நாங்கள் விற்பது பாஸ்பேட் உப்பு (மூல மருந்தோடு பாஸ்பேட் சேர்ந்த வடிவம்), அந்த உப்புக்கென்று தனியாகப் போட்ட விண்ணப்பத்தை மெர்க்கே கைவிட்டுவிட்டது, அப்புறம் எதற்கு வழக்கு? எடுபடவில்லை. மூல மருந்தின் காப்புரிமைக்குள் உப்பும் அடங்கும் என்று 2015இல் தடை வந்தது. ஒரு மூலக்கூறு, அதன் வாலில் ஒட்டிய உப்பு, அதன்மேல் இரண்டரை வருடச் சண்டை. கிளென்மார்க் தோற்றது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தடையின் விலையைக் கட்டியது கடையில் துண்டை நீட்டிய ஆட்கள்தான்.

20 வருடக் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. ஏகப்பட்ட கம்பனிகள் இறங்கின, அங்கே விலை சரிந்தது. நமக்கு நினைவிருக்கும், அந்த ஜூலையில் நாம் எங்கே நின்றோம் என்று. பெற்றோல் வரிசையில். டொலர் இல்லாமல் மருந்தே இல்லாத நாட்டில், மருந்து மலிவானது யாருக்குத் தெரிந்தது?

சரி, இப்போது காப்புரிமை இல்லை, மலிவான கார்டும் அலுமாரியில் கிடக்கிறது. ஆனாலும் மல்லுக்கட்டாமல் அம்மாவுக்கு எட்டவில்லை. வழிமறித்தது துண்டில் எழுதிய கம்பனிப் பெயர். என் கோபம் கோர்ட்டைவிட இதன்மேல்தான். சட்டம் 20 வருடத்தில் கையை எடுத்துவிடுகிறது, டொக்டரின் பேனா எடுப்பதில்லை.

இதற்கு வழி சொன்னவர் நம் நாட்டிலேயே இருந்தார். பேராதனை மருத்துவ பீடத்தை வழிநடத்திய சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். புழக்கத்தில் இருந்த சுமார் 2100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைக்கலாம், கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரையே எழுதலாம் என்றார். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் துண்டுகளைப் பாருங்கள்.

"மலிவு மருந்து வேலை செய்யாது" என்று கொமெண்ட் வரும், தெரியும். பயம் பொய்யில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் போலி ஊசி மருந்து போன 2023 இம்யூனோகுளோபுலின் விவகாரத்தை நாடே பார்த்தது. ஆனால் அது கள்ள மருந்து. அதே மருந்தை வேறு கம்பனி மலிவாகச் செய்யும் ஜெனரிக் இல்லை. கள்ள மருந்தைப் பிடிக்க வேண்டியது ஆய்வுகூடம். விலை கூடிய பெயரை எழுதினால் அது பிடிபடப் போவதில்லை. இரண்டையும் குழப்பி வைத்திருப்பது விலை கூடிய கார்டை விற்கிறவருக்குத்தான் வசதி.

அம்மா புதுக் கார்டைக் கையில் வைத்து ரெண்டு நாள் யோசித்தார். பழைய குளிசையின் நிறம் இதில் இல்லையாம். மூன்றாம் நாள் போட்டார். அடுத்த கிளினிக்கில் சீனி கூடியிருந்தால் பழி என்மேல்தான் என்று இப்போதே சொல்லிவிட்டார்.