ரேடியேட்டரின் அடிப்பாகம் குளிர்ந்தால் காற்றா?

"ரேடியேட்டரின் அடிப்பாகம் சில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை முழுவேகத்தில் ஓடவிட்டு, மேலே உள்ள திருகை முழுதாகக் கழற்றுங்கள்." சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பற்றி இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

காற்று தண்ணீரை விட லேசானது, மேலேதான் போய்த் தங்கும். அதனால் காற்று இருந்தால் குளிர்வது மேல்பாகம். கையால் தொட்டே சரிபார்க்கலாம். அடிப்பாகம், அதுவும் நடுப்பகுதி, குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் துருச் சேறு படிந்திருக்கும். காற்றை வெளியேற்றி அது தீராது.

காற்றை எடுக்க முதலில் ஹீட்டிங்கை நிறுத்துங்கள். ஓடும்போது திறந்தால் கொதிக்கும் தண்ணீர் கையில் பீய்ச்சும், பம்ப் இன்னும் காற்றை உள்ளே இழுக்கவும் கூடும். ஆறிய பிறகு, கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள திருகில் அதற்கான சாவியைப் பொருத்திக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். அது அடங்கித் தண்ணீர் சீராகக் கசிந்ததும் மூடிவிடுங்கள். திருகைக் கழற்றவே வேண்டாம். கழன்று விழுந்தால் கறுப்புத் தண்ணீர் தரையெல்லாம்தான்.

காற்று வெளியேறியதில் அழுத்தம் குறைந்திருக்கலாம். அதனால் அப்புறம் பாய்லரின் (தண்ணீரைச் சூடாக்கும் கருவி) அழுத்தமானியைப் பாருங்கள். தண்ணீர் வெளிக்காற்றைத் தொடாத மூடிய அமைப்புகளில், ஆறிய நிலையில், பொதுவாக 1 முதல் 1.5 பார் (bar, அழுத்தத்தின் அலகு) இருக்கும். சரியான அளவு உங்கள் பாய்லர் கையேட்டிலேயே இருக்கும். அடிக்கடி காற்று சேர்ந்தால் கசிவோ உள்ளே அரிப்போ இருக்கலாம், பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.