டிரையர் ஆளைத் திட்டுவதற்கு முன்

நீலகிரியில் நான் பார்த்த டீ ஃபேக்டரிகள் பலவற்றில் ஆபீஸ் சுவரில் ஒரு கட்டுப்பாட்டு வரைபடம் தொங்குகிறது. டிரையரிலிருந்து, அதாவது இலையை உலர்த்தும் இயந்திரத்திலிருந்து, வரும் தூளின் ஈரப்பதம், மணிக்கொரு புள்ளி. அதிலுள்ள மேல்கோடும் கீழ்கோடும் எப்படி வந்தன என்று கேட்டால், "இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில இருக்கணும்னு முதலாளி சொல்லியிருக்கார் சார்" என்கிறார்கள். அது முதலாளியின் ஆசை. டிரையருக்கு அது தெரியாது.

1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த வால்டர் ஷூஹார்ட் இந்த வரைபடத்தை முதலில் வரைந்தபோது, கோடுகளை இயந்திரத்தின் நடத்தையிலிருந்தே எடுத்தார். கணக்கு சுலபம். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி, மொத்த சராசரியோடு கூட்டினால் மேல்கோடு, கழித்தால் கீழ்கோடு. சராசரி ஈரம் 3 சதவீதம், சராசரி வித்தியாசம் 0.3 என்றால் கோடுகள் 3.8, 2.2. இந்தக் கோடுகளுக்குள் வருவது அதன் இயல்பான ஆட்டம். அதாவது அந்த டிரையர் எந்தக் கோளாறும் இல்லாமலே 3.6 காட்டும். முதலாளி கோட்டைத் தாண்டிவிட்டது என்று டிரையர் ஆளுக்குத் திட்டு விழும். இதைவிட அநியாயம் உண்டா?

திட்டு வாங்கியவர் என்ன செய்வார்? 3.2 வந்தால் சூட்டைக் கூட்டுவார், 2.8 வந்தால் குறைப்பார். தானாக ஆடும் ஒன்றை ஒவ்வொரு தடவையும் முழுசாக ஈடுகட்டப் போனால் அதன் மாறுபாடு (புள்ளியியலில் வேரியன்ஸ் என்பது) இரண்டு மடங்காகும். அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் டெமிங், புனல் வழியாகக் கோலிக்குண்டைப் போட்டு, அது விழுந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் புனலை நகர்த்திக் காட்டியது இதைத்தான். சும்மா இருந்திருந்தால் தூள் இன்னும் ஒரே சீராக வந்திருக்கும்.

அதற்காகக் கோட்டுக்குள் இருக்கிறதே என்று தூங்கவும் கூடாது. எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு மேலேயே நின்றால் ஏதோ மாறியிருக்கிறது. இலை சரியாக வாடியிருக்காது, இல்லை விறகு நனைந்திருக்கும். அப்போது தேடுங்கள். அப்புறம், ஜனவரி வெயிலில் போட்ட கோட்டை மழைக்காலத்துக்கும் அப்படியே வைத்திருப்பது வேலைக்கு ஆகாது. கூடலூருக்கு ஆடி மழை, கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. இலை மாறினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

டிரையரின் இயல்பான ஆட்டமே முதலாளி கேட்கும் அளவைவிட அகலமாக இருந்தால் அதைக் குறைப்பது நிர்வாகத்தின் வேலை. வாட்டும் தொட்டிகளைச் சரிசெய்யவோ டிரையரை மாற்றவோ பணம் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர் ஷிஃப்டில் நிற்பதில்லை.