கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

மென்பொருள் சேவைத் துறையில் வாடிக்கையாளர் திட்டங்களை நடத்துகிற நாம், திட்டத்தின் ஆபத்துகளைப் பதிந்துவைக்கும் ரிஸ்க் ரெஜிஸ்டரை வாரந்தோறும் திறந்து, ஆபத்து குறைந்ததாகச் சிவப்பை மஞ்சளாகவும் மஞ்சளைப் பச்சையாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆனால், வேலைக்கு உண்மையில் ஆகும் செலவு ஒன்றாகவும் கைவசம் உள்ள பணம் வேறாகவும் இருக்கும்போது, அந்த இடைவெளியை அடைக்க எதையெல்லாம் வெட்டினோம் என்ற விவரம் அந்தத் தாளில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. திட்டங்கள் சரிவது பெரும்பாலும் அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கி நடைமுறைப்படுத்த 2009-இல் ஒதுக்கப்பட்ட தொகை 15.5 கோடி கனடிய டாலர். ஒப்பந்தம் பெற்ற ஐபிஎம், 2012-இல் வேலையின் அளவைப் பார்த்துவிட்டு 27.4 கோடி ஆகும் என்று சொன்னது. திட்டத்தை நடத்திய அரசு அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவில்லை. வசதிகளைக் குறைத்து, ஆட்களைக் குறைத்து, காலத்தையும் சுருக்கி, பழைய தொகைக்குள்ளேயே வேலையை முடிக்கப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சம்பளச் செயல்பாடுகள் நீக்கப்பட்டன அல்லது தள்ளிவைக்கப்பட்டன. ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்த சோதனை ஓட்டமும் கைவிடப்பட்டது.

நீக்கப்பட்டவற்றில் ஒன்று, முன்தேதியிட்டு வரும் சம்பள உயர்வுக்கான அரியர் தொகையைத் தானாகக் கணக்கிடும் வசதி. அரசு வேலையை அறிந்த யாருக்கும் இதன் கனம் உடனே புரியும். ஊதிய ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தாகும், பொறுப்புப் பதவி வகித்தவரின் தாள் மாதங்கள் கழித்து வரும். அரியர் இல்லாத அரசு அலுவலகம் ஏது? அந்தக் கணக்கை ஆட்கள் கையால் போட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். அதே சமயத்தில், துறைகளில் பரவியிருந்த ஏறக்குறைய 1,200 சம்பள ஆலோசகர்களின் பணியிடங்களை நீக்கி, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி நகரில் 550 பேர் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. மென்பொருள் செய்யாததைக் கையால் செய்யக்கூடிய அனுபவசாலிகளில் பலர், மென்பொருள் வரும் முன்பே போய்விட்டார்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய ஆபத்தாகத்தான் தெரியும். ரிஸ்க் ரெஜிஸ்டரில் இவை வேறு வேறு வரிகளில், வேறு வேறு அதிகாரிகளின் பெயருக்கு எதிரே இருக்கும். ஒன்றின் தீர்வை மற்றொன்று பறித்துவிட்டது என்பதை, இரண்டையும் சேர்த்து வாசிக்கும் ஒருவர் இருந்தால்தான் சொல்ல முடியும்.

2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கட்டமாக ஃபீனிக்ஸ் கோ-லைவ் ஆனது, அதாவது உண்மையான பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,90,000 ஊழியர்களின் சம்பளம் அதன் கைக்குப் போனது. 2017 ஜூன் இறுதிக்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் தங்கள் சம்பளக் கோரிக்கை தீராமல் காத்திருந்தார்கள். குறைவாகவும் அதிகமாகவும் வழங்கப்பட்டதைச் சேர்த்துப் பார்த்தால் பிழைத்தொகை 50 கோடி டாலரைத் தாண்டியது. கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் இதைத் திட்ட மேலாண்மையின், மேற்பார்வையின் புரிந்துகொள்ள முடியாத தோல்வி என்றே எழுதினார். அவர் அறிக்கை பொறுப்பை அதிகாரிகள் மேல்தான் வைத்தது. ஐபிஎம்மோ தன் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்றுவதாகச் சொன்னது.

ஒப்பந்தப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பதில் போதாது என்று நான் கருதுகிறேன். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், சேஞ்ச் ரிக்வெஸ்ட் எனும் மாற்றக் கோரிக்கை ஒப்புதலாகிவிட்டது என்ற இடத்தில் நாம் நிம்மதியடைகிறோம். கையெழுத்திட்ட அதிகாரியின் சம்பளம் நின்றாலும் அவர் சமாளித்துக்கொள்வார். வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டிய கடைநிலை ஊழியரின் கையெழுத்து எந்த சைன்-ஆஃப் தாளிலும் இல்லை.

வாடிக்கையாளர் பக்கத்திலும் இதே கண்மூடல் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது, தளத்தைக் கட்டிய சபிஸ் நிறுவனம் தயார்நிலைக் கடிதம் கொடுத்திருந்தது. அதற்குக் கீழே வேலை செய்த துணை ஒப்பந்த நிறுவனங்கள் எதைச் சோதித்தன, எதன் அடிப்படையில் தயார் என்றன என்பதை வங்கி போதிய அளவு துருவிக் கேட்கவில்லை. இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனை நடந்திருந்தது. மாற்றம் பெரும் குளறுபடியில் முடிந்தது; அதற்காக 2022-இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. அடுத்த ஆண்டு, அப்போதைய தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கும் தனிப்பட்ட முறையில் அபராதம் விதிக்கப்பட்டது.

எனவே, மதிப்பீட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் இடையே பள்ளம் விழும் நாளிலேயே சேவை நிறுவனம் ஒரு தாள் எழுத வேண்டும் என்கிறேன். எதை நீக்குகிறோம், அந்த வேலையை இனி எந்த ஊழியர் செய்வார், கோ-லைவ் நாளில் அவர் அந்த இருக்கையில் இருப்பாரா, எல்லாம் தவறினால் பழைய முறைக்குத் திரும்ப எத்தனை நாளாகும் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் திட்டத்தின் பொறுப்பதிகாரியோடு நின்றுவிடாமல், அவருக்கு மேலே பணம் ஒதுக்குபவரிடமும், கீழே அந்த மென்பொருளால் பாதிக்கப்படப் போகிற பிரிவின் தலைவரிடமும் போய்ச் சேர வேண்டும். இதனால் டீல் கைநழுவும் என்ற அச்சம் நியாயமானதுதான், சில டீல்கள் நழுவவும் செய்யும். அப்படியும் அந்தத் தாளை எழுதித்தான் ஆக வேண்டும்.