நேரத்தின் நீளம் அல்ல காரணம்

ஆங்கிலத்தில் வாஸ் அல்லது வேர் வந்து, அதன்பின் ஐஎன்ஜி சேர்ந்த வினை வருவதுதான் பாஸ்ட் கண்டினியுவஸ் ("வாஸ் ஈட்டிங்" போல). "கடந்த காலத்தில் நீண்ட நேரம் நடந்த எதையும் பாஸ்ட் கண்டினியுவஸில்தான் எழுத வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது வருத்தம்தான். நீளத்துக்கும் இந்தக் காலத்துக்கும் தொடர்பில்லை. பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்ததை "ஐ லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்" என்று சாதாரண இறந்தகாலத்தில் சொல்வதே இயல்பு. பத்து நொடி நிகழ்வுக்கும் வாஸ், வேர் வரலாம். குறிப்பிட்ட கணத்தில் அந்தச் செயல் முடியாமல் நடுவில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

"வென் ஹி கேம், வி ஏட்" என்றால் அவர் வந்த பிறகு சாப்பிட்டோம். "வென் ஹி கேம், வி வேர் ஈட்டிங்" என்றால் அவர் வரும்போதே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. விருந்தாளிக்காகக் காத்திருந்தோமா இல்லையா என்பதே மாறிவிடுகிறது! "ஹி வாஸ் டிரவுனிங்" என்றால் மூழ்கிக்கொண்டிருந்தார், பிழைத்திருக்கலாம். "ஹி டிரவுன்ட்" என்றால் இறந்துவிட்டார்.

ஒருமைக்கு வாஸ், பன்மைக்கு வேர் என்று இதன் அமைப்பைப் பற்றி அதை எழுதியவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால், ஒருவரைக் குறித்தாலும் 'யூ'வுக்கு வேர்தான், வாஸ் அல்ல. இன்னொன்று: நோ (அறிதல்), பிலீவ் (நம்புதல்) போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பொதுவாக ஐஎன்ஜி சேராது. "ஐ வாஸ் நோயிங் ஹிம்" என்பது பிழை, "ஐ நியூ ஹிம்" போதும்.