படிப்பினை கேட்காமல் ஒரு புத்தகம்

போன வாரம் அண்ணி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "சின்னவன் நாலாம் ஆண்டு வந்துட்டான். கைப்பேசியை விட்டுத் தலை நிமிர மாட்டேங்கிறான். நல்ல கதைப் புத்தகமா நாலு சொல்லு. படிச்சா ஏதாவது கத்துக்கிற மாதிரி இருக்கணும்."

அந்தக் கடைசி வரிக்குத்தான் இவ்வளவு நீளமான பதில். அண்ணிக்கு மட்டும் அனுப்பலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஏதாவது கத்துக்கிற மாதிரி. என் மூத்த மகளைக் கதைப் புத்தகத்திலிருந்து விரட்டியது இந்த மூன்று சொல்தான். விரட்டியவள் நான்.

2020இல் அவள் மூன்றாம் ஆண்டு. அந்த ஆண்டு கோலாலம்பூர்தான் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகரம். ஆனால் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புத்தகக் கடை, நூலகம், பள்ளிக்கூடம் எல்லாம் மூடியாயிற்று. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நாலு பேரும் அடைந்து கிடந்தோம். நேரம் வீணாகக் கூடாது என்று நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தினம் ஒரு கதை படிக்க வேண்டும். தலைப்பு, எழுதியவர், கதைச் சுருக்கம், படிப்பினை என்று நாலு கட்டம் நிரப்ப வேண்டும். பள்ளியில் நிலாம் வாசிப்புத் திட்டத்துக்குப் பிள்ளைகள் படித்த புத்தகங்களைக் குறித்து வைப்பார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை. பள்ளியில் அது பிள்ளையை வாசிக்கத் தூண்டும் பழக்கம். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தினசரிப் பரீட்சை ஆக்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினேன். தொடர்ந்து மூன்று நாள் ஒரே படிப்பினை: 'ஒற்றுமையே பலம்.' மூன்றாவது கதை ஒரு புலியைப் பற்றியது. "அந்தப் புலி கடைசியில என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கதையை அவள் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போய், அங்கே அச்சடித்திருந்த நீதியை மட்டும் எழுதியிருக்கிறாள். நான் கேட்டது அதைத்தானே? கேட்டதைக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு அவள் தானாக ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தை எடுக்கப் பல வருடம் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

என் அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக்கு அம்புலிமாமா வரும். 1947இல் தொடங்கிய இதழ், அவர் சிறுவனாக இருந்தபோது வீடு வீடாகச் சுற்றி, அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறையோடு இவர் கைக்கு வந்து சேருமாம். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான், அது கதை சொல்லும். கதை முடிகிற இடத்தில் ஒரு கேள்வி. இந்த மூன்று பேரில் யார் பெரியவன்? அரசன் செய்தது சரியா? பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் உன் தலை வெடித்துச் சுக்குநூறாகிவிடும்! அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் கேள்வி வந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சண்டை போடுவார்களாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள். எல்லாரும் ஒரு பதில் சொன்ன பிறகுதான் ராஜாவின் பதிலைப் படிப்பார்கள். எழுபது வயதைத் தாண்டியும் அந்தக் கதைகளை அப்பா வரிசையாகச் சொல்கிறார். வேதாளம் ஒருநாளும் "இந்தக் கதையின் படிப்பினை என்ன?" என்று கேட்டதில்லை.

அதனால் மகன் கவின் எட்டு வயதைத் தொட்டபோது நான் ஒரே ஒரு முடிவு எடுத்தேன். இவனுக்குப் புத்தகம் எடுக்கும்போது, அடுத்து என்ன ஆகும் என்று இவன் கேட்பானா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆங்கிலப் பதிப்பகங்கள் 8 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, அவர்களுக்கென்றே நாவல் போடுகிறார்கள். படக்கதையைத் தாண்டிவிட்ட, ஆனால் பெரியவர்களின் காதலும் கவலையும் இன்னும் ஒட்டாத வயசு. நம் தமிழ்ப் புத்தகக் கடைகளில் அந்த அலமாரியைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் காக்கா, நரி, பாட்டி சுட்ட வடை. அதற்கு அடுத்து ஆயிரம் பக்கச் சரித்திர நாவல். நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? இருக்கிறது, ஆனால் குனிந்து, தூசி தட்டித் தேட வேண்டும்.

நான் கடையிலேயே நின்று முதல் பத்துப் பக்கம் படித்துவிடுவேன். மூன்றாம் பக்கத்துக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும். ஒரு பொருள் காணாமல் போகலாம், பூட்டிய கதவு ஒன்று வரலாம், புதிதாக ஒரு பிள்ளை வகுப்புக்கு வரலாம். 'அழகிய கிராமம் அது' என்று ஆரம்பித்து நாலு பக்கம் வயல்வெளியை வர்ணித்தால் வைத்துவிடுவேன். அப்புறம் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பிரச்சினையைத் தீர்ப்பது யார் என்று பார்ப்பேன். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். பல தமிழ்ச் சிறுவர் கதைகளில் பிள்ளைகள் கஷ்டப்பட்டுத் துப்புத் துலக்குவார்கள். முடிவில் ஒரு போலீஸ் மாமா வந்து திருடனைப் பிடித்து, "பிள்ளைகளே, இனி பெரியவர்களிடம் சொல்லாமல் எங்கும் போகக் கூடாது" என்று அறிவுரை சொல்லி அனுப்புவார். அதோடு கதை செத்துப் போகும். பத்து வயதுப் பிள்ளையை நாள் முழுக்க யாராவது ஏவிக்கொண்டேதான் இருக்கிறோம். கதைக்குள்ளாவது அவன் வயதுப் பிள்ளை தானாக ஒரு முடிவு எடுக்கட்டுமே. கதாநாயகனுக்கு வாசிப்பவனைவிட ஒன்றிரண்டு வயது கூட இருந்தால் இன்னும் நல்லது. பத்து வயதுக்காரன் பன்னிரண்டு வயதுக்காரனைத்தான் அண்ணாந்து பார்ப்பான்.

மொழி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்துத் தமிழ் பாடப்புத்தகத்தில் மட்டும்தான். இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தில் "ரேஷன் கடைன்னா என்னம்மா?" என்று கவின் கேட்டிருக்கிறான். அது பரவாயில்லை, சொல்லிக் கொடுத்துவிடலாம், சுவாரசியமாகவும் இருக்கும். ஒரு பக்கத்தில் எத்தனை தெரியாத சொல் என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் ஐந்து விரல் கணக்கு என்று ஒன்று சொல்வார்கள்: ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்ல வேண்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். தமிழுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது.

சரி, பெயர் சொல்கிறேன். நம் நாட்டு எழுத்தாளர் கே. பாலமுருகன் எழுதிய 'மர்மக் குகையும் ஓர் இரகசியமும்'. மலேசியப் பிள்ளைகளுக்காக மலேசியாவிலேயே எழுதப்பட்ட சிறுவர் மர்ம நாவல். இதைத்தான் கவினுக்கு முதலில் எடுத்தேன். நானே வாசித்துக் காட்டினேன், இரவு சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, சரியான கட்டத்தில் அடுப்பில் குழம்பு பொங்கியது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால், அவன் நாற்காலியில் முட்டி போட்டு நின்றுகொண்டிருக்கிறான். மேசை மேல் புத்தகம் விரிந்திருக்கிறது. வரிக்குக் கீழே ஆள்காட்டி விரல் நகர்கிறது, உதடு அசைகிறது. ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை முட்டி மோதினான், பிறகு தாண்டிப் போய்விட்டான். நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போய் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்க வாய் துறுதுறுத்தது. போகவில்லை. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அந்த உத்தியை நான் வேண்டுமென்றே செய்கிறேன். ஆபத்தான இடம் வரும்வரை வாசிப்பேன். அப்புறம் ஏதாவது வேலை வந்துவிடும்.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இன்னொன்று. 2023இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. கீழடியை வைத்து எழுதிய கதை. பழைய காலத்துக்குப் பயணம் போகும் கதை என்றால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்னும்? அதே விருதை 2020இல் வாங்கியது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தவறாகத் தொடுகிறவர்களிடமிருந்து பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றியது. இதில் பாடமும் இருக்கிறதே என்று அண்ணி கேட்பார். இருக்கிறது. ஆனால் ஒரு மரப்பாச்சி பொம்மை பேச ஆரம்பித்த பிறகு எந்தப் பிள்ளையும் பாடத்தைப் பார்க்காது, பொம்மையைத்தான் பார்க்கும். பாடம் கதையின் வயிற்றுக்குள் இருந்தால் எனக்கு ஒரு தகராறும் இல்லை. கதைக்குத் தலையில் கொம்பு மாதிரி முளைத்து நிற்கக் கூடாது. இந்தப் புத்தகத்தை மட்டும் அண்ணி முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது, அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

மகளை மீட்டுக் கொண்டுவந்தது ஓர் ஆங்கிலப் புத்தகம். ஹன்னா அல்காஃப் என்ற நம் நாட்டு எழுத்தாளர் 2020இல் எழுதிய 'தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்'. பாட்டியிடமிருந்து ஒரு பேய் பேத்திக்குச் சொத்தாக வந்து சேர்கிறது. பெலெசிட் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, அது. மகள் படித்துக்கொண்டே வந்து, "அம்மா, இதுல நம்ம ஊரு இருக்குது!" என்றாள். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். வெளிநாட்டுப் பனியையும் விடுதிப் பள்ளியையுமே ஆங்கிலத்தில் படித்து வந்த பிள்ளை. தன் ஊர் ஒரு கதை நடக்கத் தகுந்த இடம்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தமிழிலும் நம் ஊர்க் கதை இருக்கிறதா என்று அவளே கேட்டாள். கவினுக்கு வாங்கிய மர்மக் கதைகளை அவனுக்கு முன்னாலேயே முடித்தது அவள்தான்.

பேய்க் கதை படித்தால் பயந்துவிட மாட்டானா என்று கேட்பார்கள். கொஞ்சம் பயப்படட்டும். போர்வைக்குள் படித்துப் பயந்து, புத்தகத்தை மூடினால் பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்பது ஒரு சுகம். சித்திரக்கதை வேண்டாம், அது வாசிப்பே இல்லை என்பார்கள். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தார்; அவரைப் பிடித்துக்கொண்டு தமிழ் வாசிக்கக் கற்றவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சித்தப்பாக்களைக் கேளுங்கள். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த 'கம்போங் பாய்' 1979இல் வந்தது, கவின் இன்றைக்கும் அதை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

நான் கறாராக இருப்பது ஒரே விஷயத்தில். கறுப்பாக இருப்பவன் திருடன், குண்டாக இருப்பவன் முட்டாள் என்று எழுதி வைத்திருக்கும் புத்தகம் எங்கள் வீட்டுக்குள் வராது. பழைய தமிழ்ச் சிறுவர் கதைகளில் இது நிறைய. எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் சரி.

வாங்கும் விஷயத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது, துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனை 2009இல் தொடங்கியதிலிருந்து ஆங்கிலப் புத்தகம் பல குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. எங்கள் வீட்டு வழக்கம் இது: மாதம் முப்பது வெள்ளி (ரிங்கிட்) கவினுடையது, எந்தப் புத்தகம் என்பது அவன் முடிவு. நான் சிபாரிசு செய்யலாம், தடுக்கக் கூடாது, மேலே சொன்ன ஒன்றைத் தவிர. பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிடலாம். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து மூன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அட்டையில் முதலை படம் போட்ட ஒன்றை எடுத்தான். எனக்குப் பிடிக்காத அட்டை. இருபது பக்கத்தோடு கீழே போட்டுவிட்டான். பதினெட்டு வெள்ளி. ஒன்றும் சொல்லவில்லை நான். அந்த இருபது பக்கத்தில் தனக்கு எது பிடிக்காது என்று அவன் தெரிந்துகொண்டிருக்கிறான், அடுத்த தடவை முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.

படித்து முடித்த பிறகு ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் வேதாளம் மாதிரி கேளுங்கள். அவன் செய்தது சரியா? நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாயா? போன ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அப்பாவும் கவினும் இப்படி ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். தோசை ஆறியது, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டாளியைக் காப்பாற்றப் பொய் சொன்னது தப்பு என்கிறான் பேரன். தப்பே இல்லை என்கிறார் தாத்தா.

அண்ணி, சனிக்கிழமை வரும்போது சின்னவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கவினின் அலமாரியைத் திறந்து விடுகிறேன், அவனே பார்த்து எடுக்கட்டும். நோட்டுப் புத்தகம் மட்டும் கொண்டு வர வேண்டாம்.