கால் நீட்டும் விண்ணப்பம்

(வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கப் போய்க் கணுக்காலை முறித்துக்கொண்ட முரளி, மூன்று தலையணை மேல் மாவுக்கட்டைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறார். எதிரே மாடிவீட்டு சபாபதி. அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; பேனா மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.)

சபாபதி: புத்தூர் கட்டுப் போட்டிருந்தால் இந்நேரம் நடந்திருப்பாய்.

முரளி: இதைச் சொல்லும் ஒன்பதாவது ஆள் நீங்கள், சார். வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டேன்.

சபாபதி: எழுதிக்கொள். 'ஐயா, பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில்...'

முரளி: அவருக்கு வயது 31, சார். 'யாதெனில்' என்று பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிடுவார்.

சபாபதி: பயந்தால்தான் கையெழுத்து விழும். நீ எங்கிருந்து விழுந்தாய்?

முரளி: ஸ்டூலிலிருந்து. ஒன்றரை அடி.

சபாபதி: அளவை எழுதாதே. 'உயரமான இடத்திலிருந்து' போதும். எத்தனை நாள்?

முரளி: ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம்.

சபாபதி: 42 நாள். 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12...

முரளி: தற்செயல் விடுப்பெல்லாம் சொந்தக்காரர்கள் கல்யாணத்தோடு போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை பற்றி அதில் ஏதாவது?

சபாபதி: 1947இல் வீட்டில் மின்விசிறி இருந்தாலே பெரிய விஷயம், தம்பி!

முரளி: அப்படியானால் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. 'தட்டச்சு செய்யக் கை நன்றாக இருக்கிறது' என்று எழுதட்டுமா?

சபாபதி: எழுதினால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வா என்பான்.

முரளி: சோழிங்கநல்லூர் வரை ஷேர் ஆட்டோவில் போனால் என் கால் எதிரே இருப்பவர் மடியில் இருக்கும். அதை?

சபாபதி: அவன் காரில் வருகிறவன். அடுத்தவன் மடி அவனுக்கு வலிக்காது. (யோசிக்கிறார்.) கால் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

முரளி: வீக்கம் வடிய, நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டுமாம்.

சபாபதி: கூட்டம் நடந்தால் எங்கே உட்காருவாய்?

முரளி: மேசைக்கு இந்தப் பக்கம். அவருக்கு நேர் எதிரே.

சபாபதி: அப்போது உன் பாதம்?

முரளி: (மெதுவாக) அவர் முகத்துக்கு நேரே.

சபாபதி: எழுது! 'மருத்துவர் சொற்படி, அலுவலகம் வந்தால் தங்கள் முன்னிலையில் மேசைமேல் காலை நீட்டியே அமர வேண்டும். நான் வளர்ந்த விதம் அதற்கு இடம் தரவில்லை. எனவே வீட்டிலேயே நீட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்.'

(அனுப்பியாயிற்று. காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.)

முரளி: சார், கிடைத்துவிட்டது! 'ஆறு வாரமும் வீட்டிலிருந்தே செய்யுங்கள். காணொலிக் கூட்டத்தில் கால் தெரியாதபடி கேமராவை வைக்கவும்.'

சபாபதி: கையெழுத்து?

முரளி: அதெல்லாம் இல்லை, சார். கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார்.

சபாபதி: (கண்ணாடியைக் கழற்றி) இவ்வளவு பெரிய கம்பெனி, மேலாளர் கைநாட்டா?