தக்காளிச் சிவப்பு

அப்பா போய் நான்கு வருடமாகிறது. அதன்பிறகு அம்மா கட்டியதெல்லாம் சந்தன நிறம், சாம்பல், வெளுத்த நீலம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லைதான். ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், அம்மா ஒரு புடவையைத் தொடும் முன்பே "அண்ணிக்கு லைட் கலராக் காட்டுங்க" என்று அத்தை சொல்லிவிடுவார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போன மாதம் மதுரையில் நானும் அம்மாவும் மட்டும் கடைக்குப் போனோம். தக்காளிச் சிவப்பில் ஒரு சுங்குடி. அம்மாவின் கை தானாக அதில் போய் நின்றது. ஒரு வெள்ளைப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்து, "இது அச்சு இல்லடி, கையால முடிச்சுப் போட்டது" என்றாள். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் அவிழ்ப்பார்கள். சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். மதுரையின் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. அம்மா சொல்லச் சொல்லத்தான் கவனித்தேன், அவள் குரலே மாறியிருந்தது. அப்புறம் புடவையைத் தள்ளி வைத்துவிட்டாள். நான் பில் போடச் சொன்னேன்.

மகாராஷ்டிராவில் ஹேர்வாட் என்ற கிராமம், கணவன் இறந்தால் பொட்டை அழிப்பது, வளையலை உடைப்பது எல்லாம் இனி வேண்டாம் என்று 2022இல் ஊராட்சியில் தீர்மானமே போட்டது. நம் வீடுகளில் வளையலை உடைப்பதில்லை, நாகரிகமாகிவிட்டோம். நிறத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். மங்கிய நிறத்தில் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போகிறாள். கல்யாண வீட்டில் கடைசி வரிசை, போட்டோவில் பின்னால். சிவப்பு கட்டினால் துக்கம் போய்விடாது. அம்மா இப்போதும் அப்பாவை நினைத்து அழுகிறாள். ஆனால் அழுகிறவளுக்கும் பிடித்த நிறம் என்று ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். எதிர்வீட்டு அக்கா "எங்கம்மா கெளம்பிட்டீங்க, இவ்ளோ அழகா?" என்று கேட்டார். நான்கு வருடத்தில் அந்தத் தெருவில் அம்மாவை யாரும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பதில் வரவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் பார்த்தால், வாளியில் கல்லுப்பு போட்டு அந்தப் புடவையை மட்டும் தனியாக ஊற வைத்திருந்தாள். "மொதத் தண்ணியில சாயம் போயிடக் கூடாதுல்ல."